கடல் கடந்து வந்த குரல்களைக் கேட்ட பேராசிரியைக்கு

பாலங்களைப் பாடமாக்கிய பைந்தமிழ் நாவே! அயலகப் பிள்ளைகளின் அச்சம் அகற்றிய அன்பே! எங்கள் கட்டடப் பொறியியல் துறையின் பேராசிரியப் பெருந்தகையே! பணி நிறைவு காணும் தங்களை வாழ்த்த வாய் திறந்தால், வியப்பே முந்திக்கொண்டு வருகிறது.

அந்த வாய்மொழித் தேர்வை எப்படி மறப்போம்! அயல்நாட்டிலிருந்து வந்து ஓராண்டே ஆன மாணவி, பாலத்தின் பாரம் தூண்களுக்கு எப்படிப் பகிரப்படுகிறது என்ற கேள்விக்கு விரல்களைப் பிசைந்தபடி நின்றார். தோற்றால் உதவித்தொகை போகும். ஊர் திரும்ப வேண்டியதுதான். "ஒண்ணுமே தெரியல. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க" என்றார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர்.

"தெரியலையா, இல்ல சொல்ல வரலையான்னு பாத்துடலாம் சார்" என்று எழுந்து, மாணவியின் கையில் சுண்ணக்கட்டியைத் தந்தீர்கள். "உங்க பாஷையிலயே சொல்லும்மா. படத்தை வெச்சு நான் புரிஞ்சுக்கறேன்."

கரும்பலகையின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பாலம் எழும்பியது! தேர்வாளரே ஆர்வம் தாங்காமல், "அந்தக் குறுக்குக் கம்பி எதுக்கு?" என்று கேட்க, அந்தப் பெண் நம் மொழியிலேயே சொன்னார்: "காத்து அடிச்சா... ஆடும். இது... பிடிச்சுக்கும்."

மாணவி தேறினார். நாங்கள் கைதட்டினோம், தாங்கள் தட்டவில்லை. "ஒரு வருஷமா என் கிளாஸ்ல உக்காந்திருக்கா. அவளுக்கு இவ்வளவு தெரியும்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியுது. அப்ப பெயில் ஆனது யாரு?" என்றீர்கள்.

அம்மையீர்! ஐம்பது வயதைக் கடந்தபின் மாலை வகுப்பில் அந்த மாணவியின் மொழியைக் கற்கச் சேர்ந்தீர்கள். நெஞ்சில் இருக்கும் பதில் நாவுக்கு வராத தவிப்பைத் தாங்களே பட்டறிந்து, அத்தனை ஆண்டு பழகிய பாடமுறையைப் பிரித்துக் கட்டினீர்கள். கேள்விகளை முன்னதாகவே தந்து, இருவர் இருவராய்ப் பேசவைத்து, அதன் பின்னரே எல்லோர் முன்னும் பேச அழைத்தீர்கள். 'புரியுதா?' என்றால் தலையாட்டிவிடுவார்கள் என்பதால், 'எந்த இடத்துல சிக்குச்சு?' என்று கேட்டீர்கள். சொன்ன நகைச்சுவையை நிறுத்தி விளக்கினீர்கள். விளக்கியபின் ஒருவரும் சிரிக்கவில்லை என்பது வேறு கதை! முந்திரிக்கொட்டைகளைக் கையமர்த்தி 'பொறுங்க மேடம்' என்ற பட்டமும் பெற்றீர்கள். அதன்பின் மொழி தடுக்கி ஊர் திரும்பிய மாணவர் நம் துறையில் ஒருவருமில்லை!

இனி மகளோடு வாழ, தாங்களே மொழி தெரியாத நாட்டுக்குப் புறப்படுகிறீர்கள். "திரும்பவும் பர்ஸ்ட் இயர் ஸ்டூடண்ட் ஆயிட்டேன்" என்று நேற்றுச் சிரித்தீர்கள். நலமும் நிறைவும் நீண்ட ஆயுளும் தங்களைச் சூழ்க! அந்நாட்டுக் கடைத்தெருவில், பேருந்து நிறுத்தத்தில், தாங்கள் சொல்லொன்று தேடி நிற்கும் பொழுதெல்லாம், எதிரே நிற்பவர் தங்களைப் போன்றவராக இருப்பாராக!

வியப்பு மாறாமல் விடைதரும்
துறை ஆசிரியர்கள், அலுவலர்கள்