கடைசி வண்டியின் கட்டை

இரவு இரண்டு மணி. பாறையைப் பிளந்து போட்டுக்கொண்டிருக்கும் ரோடு. ஒரு பக்கம் வெட்டின பாறை, மறுபக்கம் பள்ளம். பள்ளத்துக்குள் சுவர் எழுப்பக் கட்டிய கம்பிகள் குத்திட்டு நிற்கின்றன. தூறல்... அந்த ரோட்டின் முனையில் ஒரு பெண் தனியாக நிற்கிறாள். கையில் சிவப்பு விளக்கு.

பயப்பட வேண்டாம், அவள் பேய் இல்லை. என் சிநேகிதியின் அக்கா. போன வருடம் வரை நம் விடுதியில் இந்த ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாளே ஒருத்தி, அவளுடைய அக்கா.

"சொந்த அக்காவா, ஒண்ணுவிட்ட அக்காவா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"சொந்த அக்காதான். ஒண்ணுவிட்ட அக்கான்னா உனக்குப் பயம் கம்மியாகுமா?"

நாங்கள் நாலு பேர் ஒரே கட்டிலில் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கீழே தெருவில் மேம்பாலத்துக்குக் குழி தோண்டுகிறேன் என்று மறுபடியும் கேபிளை அறுத்துவிட்டார்கள். விடுதி முழுக்க இருட்டு. கால் சென்டர்க்காரி மட்டும் போர்வைக்குள் போனை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். அவளைக் கூட்டிப்போக வேண்டிய ஆபீஸ் வண்டி வரவில்லை. புது டிரைவர் போன் அணைந்திருக்கிறதாம். லீவு கிடைத்தது என்று படுடி என்றால் கேட்கவில்லை.

சரி, கேளுங்கள்.

பழைய ஊரிலிருந்து புது விமான நிலையத்துக்குப் போகிற ரோடு அது. ஊர் வீங்கிக்கொண்டே போகிறது, ரோடு பத்தவில்லை, ஆறு வழியாக்குகிறோம் என்று பெரிதாகப் பலகை நட்டிருந்தார்கள். 'உங்கள் நகரம் வளர்கிறது.' யார் தலைமேல் வளர்கிறது என்று அதில் எழுதவில்லை.

வேலை நடக்கிற பகுதியில் ஒரு வண்டி போகிற அளவுக்குத்தான் வழி. நடுவில் ஒரு வளைவு. இந்த முனையில் நிற்பவருக்கு அந்த முனை தெரியாது. வாக்கி டாக்கி பாறைக்குள் செத்துவிடும். அதனால் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒரு முனையிலிருந்து வண்டிகளைக் கூட்டமாக விடுவார்கள். கடைசி வண்டிக்காரர் கையில் ஒரு கட்டையைக் கொடுப்பார்கள். முழங்கை நீளம், சிவப்பு பெயிண்ட், நுனியில் ஒரு துணி. அவர் அதை மறுமுனையில் நிற்கிற ஆளிடம் கொடுத்துவிட்டுப் போவார். கட்டை வந்துவிட்டால் உள்ளே யாரும் இல்லை, எதிர்ப்பக்க வண்டிகளை விடலாம். கட்டை வரவில்லையென்றால் உள்ளே யாரோ இருக்கிறார்கள். அவ்வளவுதான் சட்டம். படித்தவனுக்கும் புரியும், படிக்காதவனுக்கும் புரியும்.

அக்கா சிவில் டிப்ளமோ. அவர்கள் வம்சத்திலேயே முதல் சான்றிதழ். அதற்கு மரியாதை செய்யும் விதமாக அவளைத் தூக்கி நைட் ஷிப்டில் போட்டார்கள். தெற்கு முனை அவளுக்கு. வடக்கு முனையில் 'விசில்' என்று ஒருவர். எப்போதும் விசிலடித்துக்கொண்டே வேலை செய்வாராம், அதனால் அந்தப் பெயர். ஆனால் அக்கா சேர்ந்தபோது அவர் விசிலடிப்பதை விட்டிருந்தார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏன் விட்டீங்க அண்ணே என்று இவள் கேட்டிருக்கிறாள். முதலில் மழுப்பினார். அப்புறம் ஒருநாள் டீ குடிக்கிறபோது சொன்னார்.

இவளுக்கு முன்னால் தெற்கு முனையில் வேறொருவன் நின்றான். அப்போது கட்டையில் மஞ்சள் துணி. ஒரு ராத்திரி வடக்கிலிருந்து கடைசியாக ஒரு பைக். கம்பி கட்டுகிற ஆள், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறார். விசில்தான் கட்டையை அவர் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் ஏதோ கேலி பேசிச் சிரித்தார்களாம். அதே நேரம் தெற்கு முனையில் மேனேஜரின் ஜீப். அந்த மேனேஜருக்கு ஆட்கள் வைத்த பெயர் 'அவசரம்'. வாயைத் திறந்தால் அதுதான் வரும். சுவருக்குக் கான்கிரீட் ஏற்றின லாரிகள் பின்னால் நிற்கின்றன, இறுகிவிடும், திறடா என்றார். கட்டை வரலை சார் என்றான் அவன். நான் சொல்றேன், திற என்றார். திறந்துவிட்டான்.

கட்டை வரவே இல்லை. பைக்கும் வரவில்லை. ஆளும் வரவில்லை. விடிவதற்குள் வளைவில் சுவர் எழும்பிவிட்டது.

அந்த ஆள் கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு எங்கேயோ ஓடிப்போய்விட்டான் என்று ஆபீஸில் முடித்துவிட்டார்கள். தெற்கு முனைக்காரன் மறுநாளே வேலையை விட்டான். கம்பிக்காரர் மனைவி மட்டும் தினமும் காலையில் தடுப்புக்கு வெளியே வந்து நிற்பாள். எதுவும் கேட்கமாட்டாள். வளைவையே பார்ப்பாள், போய்விடுவாள். தச்சரிடம் சொல்லிப் புதுக் கட்டை அறுத்தார்கள். அதற்கு நுனித் துணி இல்லையென்று அக்கா, தங்கையின் பழைய பள்ளிச் சீருடையிலிருந்து ஒரு நீலத் துண்டைக் கிழித்துக் கட்டினாள்.

இப்போது அந்த இரண்டு மணிக்கு வருவோம்.

அன்றைக்கு என் சிநேகிதி வெளியூரில் இண்டர்வியூ முடித்துக் கடைசி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அந்த ரோட்டில்தான், வடக்கிலிருந்து. 'ஏறிட்டேன். தூங்கிடாத. உன் பாயிண்ட்ல இறங்கறேன், டீ வாங்கித் தரணும்' என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். அக்காவுக்கு அது மட்டும்தான் தெரியும். பஸ் வளைவுக்குள் நுழைந்துவிட்டதா, இன்னும் வடக்கிலேயே நிற்கிறதா... தெரியாது. வாக்கி டாக்கியில் இரைச்சல்.

அப்போது வந்தது அவசரத்தின் ஜீப். விடிந்தால் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள், அதற்குள் வடக்கில் மிச்சச் சுவரை ஊற்றிவிட வேண்டும். ஜீப்புக்குப் பின்னால் கலவை லாரிகள், அவற்றின் வயிறு சுழல்கிற சத்தம்... கரகரகரவென்று. ஹாரன் வேறு.

அக்கா சொன்னாள், கட்டை வரவில்லை.

"கட்டை, கட்டை... உன்ன இதுக்குத்தான் படிக்க வெச்சாங்களா?"

"இதுக்குத்தான் சார்."

நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம் என்றார். சரி சார், இன்னைக்கு ட்யூட்டி முடியட்டும் என்றாள். வேலை போனால் வீட்டில் இரண்டாவது சம்பளம் கிடையாது. திறந்துவிட்டால், உள்ளே தங்கச்சி இருந்தால்... அந்த வழியில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பாறைக்கு, ஒன்று பள்ளத்துக்கு.

அப்போதுதான் சத்தம் கேட்டது. வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

டுக்... டுக்... டுக்...

பழைய பைக். மூச்சு வாங்குகிற மாதிரி. விளக்கு இல்லை. அதற்கு முன்னால் வாசனை வந்துவிட்டது. பச்சைச் சிமெண்ட் வாசனை. தண்ணீர் ஊற்றிக் குழைத்தவுடன் வருமே... அது.

பைக் அக்காவின் பக்கத்தில் நின்றது. ஹெல்மெட் கண்ணாடி முழுக்கச் சாம்பல் பூச்சு. முகம் தெரியவில்லை. கை நீண்டது. பழக்கம்தானே, அக்கா வாங்கிவிட்டாள். வாங்கிவிட்டு டார்ச்சை எடுக்கக் குனிந்தாள். நிமிர்ந்தால் பைக் இல்லை. தாண்டிப் போகவும் இல்லை. பின்னால் அத்தனை லாரி விளக்குகள் எரிகின்றன, ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"அதான் வந்துடுச்சுல்ல, திற," என்றார் அவசரம்.

அக்கா டார்ச் அடித்தாள். கட்டை சிவப்புதான். நீளம் சரிதான். நுனியில்... மஞ்சள் துணி. கட்டை முழுக்கச் சிமெண்ட் அப்பியிருந்தது. பெருவிரலால் அழுத்தினாள். பதிந்தது. இன்னும் இறுகவில்லை.

"சார், இது நம்ம கட்டை இல்ல."

அவரும் பார்த்தார். அந்தத் துணியைப் பார்த்ததும் அவர் வாய் ஒரு கணம் மூடிவிட்டதாம். அவர் அடையாளம் கண்டுகொண்டார் என்று அக்கா இன்னும் சத்தியம் செய்வாள். அப்புறம் எவனோ விளையாடுகிறான் என்று கத்தினார். இறங்கி வந்து தடுப்பைத் தானே இழுத்துத் தள்ளினார். ஜீப்பில் ஏறினார். போயே போய்விட்டார்.

பின் விளக்கு இரண்டும் வளைவில் திரும்பின. அதற்குப் பின்னாலேயே...

டுக்... டுக்... டுக்...

அக்கா தடுப்பை மறுபடி இழுத்துப் போட்டு அதன் குறுக்கே தானே நின்றுவிட்டாள். லாரிக்காரர்கள் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினார்கள். நகரவில்லை. எப்போது மோதல் சத்தம் கேட்கும், எப்போது கண்ணாடி உடையும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தூறல் தகரத்தில் விழுகிற சத்தம்தான் கேட்டது.

பிறகு வெளிச்சம். உயரமாக, இரண்டு விளக்கு. பஸ்.

அது எந்தச் சேதமும் இல்லாமல் மெதுவாக வந்து நின்றது. படியில் என் சிநேகிதி, தூக்கக் கலக்கத்தில், டீ எங்கடி என்றாளாம். அக்கா அவளைப் பார்க்கக்கூட இல்லை. டிரைவர் ஜன்னல் வழியாகக் கட்டையை நீட்டினார். நீலத் துணி.

"எதிர்ல ஜீப் வரலையா அண்ணே?"

"எதிர்ல யாரும்மா வருவா? கட்டை என்கிட்ட இருக்கே."

பாறையில் டார்ச் அடித்துத் தேடினார்கள். பள்ளத்தில் ஆள் இறக்கித் தேடினார்கள். ஒரு டயர் தடம் இல்லை. ஜீப் எதுவும் வடக்கே வரவில்லை என்று விசில் சொன்னார். சொல்லிவிட்டு அழுதாராம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் வேறொரு மேனேஜர் வந்தார். பழையவர் ராஜினாமா செய்துவிட்டார் என்றார்கள். பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஆளைக் காணவில்லை என்றால் ஓடிப்போனான், பெரிய ஆளைக் காணவில்லை என்றால் ராஜினாமா.

"அந்தக் கட்டை?" என்று நர்ஸ் கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

அன்று காலையிலும் கம்பிக்காரர் மனைவி வந்து நின்றாள். அக்கா அந்த மஞ்சள் துணிக் கட்டையை அவளிடம் நீட்டினாள். வேறு யாரிடம் கொடுப்பது? அவள் வாங்காமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது வந்துட்டா உள்ள யாரும் இல்லன்னு தானே கணக்கு?"

ஆமாம் என்றாள் அக்கா.

"அப்ப நான் வாங்கமாட்டேன். அவரு உள்ளதான் இருக்காரு. வெளிய எடுத்துக் காட்டுங்க, வாங்கிக்கறேன்."

அக்காவும் விசிலும் அதை வளைவுக்குக் கொண்டுபோய்ச் சுவரடியில் சாத்தினார்கள். மறுநாள் பார்த்தால் அங்கே இல்லை. அவ்வளவுதான் கதை. ரோடு திறந்துவிட்டார்கள். ஆறு வழி, பளபளவென்று விளக்கு, ரிப்பன் வெட்டினார்கள். இப்போது கட்டையும் கிடையாது, முனையில் ஆளும் கிடையாது. அக்கா அந்தப் பக்கமே போவதில்லை. சுற்றிப் போகிறாள்.

மெழுகுவர்த்தி ஒரு பக்கமாக உருகிச் சாய்ந்தது. கட்டிலின் மறு ஓரத்தில் இருந்தவள், போங்கடி, எனக்கு இனிமேல் பாத்ரூம் போக ஆள் வேண்டும் என்றாள். சிரித்தோம்.

கால் சென்டர்க்காரி மட்டும் சிரிக்கவில்லை. போனைக் கீழே வைத்திருந்தாள்.

"அந்த வளைவுல எங்க வண்டி தினமும் நிக்கும்," என்றாள்.

நாங்கள் அவளைப் பார்த்தோம்.

டிரைவர் அண்ணன் அங்கே ஓரங்கட்டுவாராம். விளக்கை அணைத்து ஜன்னலை இறக்குவாராம். இவள் அரைத் தூக்கத்தில் இருப்பாள். ரோடு போடுகிற காலத்தில் அந்த அண்ணன் அங்கே டிப்பர் ஓட்டினவர். ஜன்னல் வழியாக வெளியே பார்த்து, தன்மையாக, தினமும் ஒரே வார்த்தை சொல்வாராம். 'வேண்டாம்ப்பா, நீயே வெச்சுக்கோ.' பிறகு வண்டியை எடுப்பார். யாரண்ணா என்று இவள் ஒருநாள் கேட்டதற்கு, தெரிஞ்சவர்தான் என்றாராம்.

"நேத்து அந்த அண்ணன் லீவு," என்றாள். "புது டிரைவர் வந்தாரு. வளைவுல யாரோ கை காட்டறாங்கன்னு வண்டிய நிறுத்தினாரு. ஜன்னலை இறக்கினாரு..."

போர்வையிலிருந்து கையை எடுத்து மெழுகுவர்த்தி பக்கம் நீட்டினாள். விரல் நுனிகளில் சாம்பல் நிறம்.

"என்னமோ குடுத்தாங்க. அவரு வாங்கி, பின் சீட்டுல என் பக்கத்துல வெச்சாரு."