பெரட்டு வரைக்கும் காத்திருந்த எச்சரிக்கை

மேடையில் இருக்கும் அருட்தந்தை அவர்களே, தோட்ட முகாமையாளர் அவர்களே, இந்த ஹாலிஎல மண்டபம் நிறைய வந்திருக்கும் லயத்து வரிசை வீட்டுச் சனங்களே, வணக்கம். நான் லரீபா, பண்டாரவளைக்காரி. கலாநிதி நிலக்ஷனா யேசுரத்தினத்தோடு ஏழு வருடம் ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள். எழுதிக்கொண்டு வந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிகிறது!

அவள் என்ன செய்தாள்? விண்வெளியில் ஓடப்போகும் அணுக்கடிகாரம் செய்தாள். கோடி ஆண்டு ஓடினாலும் ஒரு நொடி பிசகாத கடிகாரம்! இந்த முறை லீவில் வந்தபோது அம்மா மரியகொரட்டிக்கு அதை விளங்கப்படுத்தினாள். போனில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஓடிக்கிட்டே இருக்கிற அணுவ ஆறு பக்கமும் லேசர் அடிச்சு நிப்பாட்டுறதும்மா. நின்னாத்தானே சரியா எண்ணலாம்?”

“நின்னா கீழ விழுந்துறாதா புள்ள?”

“விழுந்துரும். அதனாலதான் மேல அனுப்புறோம். அங்க மிதக்கும், ஆறுதலா எண்ணலாம்.”

பிறகு என்னிடம், “எங்கம்மா கேட்ட கேள்விய பாத்தியா?” என்று ஒரே பெருமை அடித்தாள்.

இனிக் கேளுங்கள். வியாழக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கே மண்சரிவு எச்சரிக்கை தோட்ட ஆபிசுக்கு வந்துவிட்டது. மேல் லயத்துக்கு வந்ததா? இல்லை! ஆபிசில் வேலை செய்யும் கெவின் என்னிடம் அழுதான்.

“எதுன்னாலும் காலையில பெரட்டுலதாங்க சொல்றது. நாமளா லயத்துக்குப் போய் சொன்னா தொரை ஏசுவாரு. அதான் காலையில சொல்லிக்கலாம்னு வச்சிட்டேங்க.”

ஆள் கூட்டிப் பேர் பதிகிற அந்தப் பெரட்டு ஆறரைக்கு. மலை ஐந்தேகாலுக்கே இறங்கி, லீவில் லயத்தில் தூங்கிக்கொண்டிருந்த அவளை மூடிவிட்டது. விறகெடுக்க வெளியே போயிருந்த தாய் மட்டும் மிஞ்சினார்.

நொடியைக் கோடியாகப் பிளந்தவளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருந்தது ஐயா! அதை யாருமே அவளிடம் கொடுக்கவில்லை. கெவினைத் திட்டினால் என் கோபம் ஆறுமா? முகாமையாளர் அவர்களே, இன்று மலர்மாலையோடு வந்திருக்கிறீர்கள். உயிர் போகிற செய்தியைச் சொல்லக்கூட உங்களுக்குப் பயப்படும்படி இவர்களை ஏன் வைத்திருந்தீர்கள்? பதில் சொல்லுங்கள்!

கடிகாரம் மேலே போகும். அவள் விட்ட இடத்திலிருந்து நாங்கள் செய்து முடிப்போம். அதற்கு முன் இங்கே ஒரு வேலை இருக்கிறது. எச்சரிக்கை இனி மரியகொரட்டி அம்மாவின் போனுக்கும் நேரே வரும், பதுளை அனர்த்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். லயத்தை எழுப்ப, தோட்டத்துக் கோயில் மணிக்கூண்டின் சாவியை அருட்தந்தை இன்று காலை அம்மாவின் கையில் கொடுத்தார். மகளைப் புதைத்து ஒரு வாரம் ஆகாத அந்தத் தாய், சாவியை வைத்துக்கொண்டு என்னிடம் என்ன கேட்டார் தெரியுமா?

“மணியடிக்க முந்தி தொரைகிட்ட ஒரு வார்த்த கேக்கணுமா புள்ள?”

அம்மா, இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். யாரையும் கேட்காதீர்கள். அடியுங்கள்!