உஷ் டாக்டரின் வியாழக்கிழமை

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்னு இருபதுக்கு ஃபோன் வந்துச்சு. பஸ் மோதிடுச்சு, உங்க மனைவி போயிட்டாங்கன்னு. அப்ப நான் அவளோட ஸ்கேன் மெஷினுக்குப் பின்னாடி ஒரு குழாயை மாத்திக்கிட்டிருந்தேன். மாத்தி முடிச்சிட்டுத்தான் எந்திரிச்சேன். ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல.

மேடையில இருக்கிற நம்ம ஆஸ்பத்திரி இயக்குநர் சார், டாக்டர்கள், நர்ஸ் அக்காங்க, பின்வரிசையில குழந்தைங்களோட உக்காந்திருக்கிற அம்மாக்கள், இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்த எல்லாருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்ல. அந்த மெஷினோட இன்ஜினியர். உங்க உஷ் டாக்டரோட புருஷன்.

ஏன் அந்தப் பேரு? வயித்துல இருக்கும்போதே வைரஸ் தொத்தின கைக்குழந்தைங்க மூளையைப் படம் எடுக்கணும். அசையக்கூடாது. மயக்க மருந்து குடுத்தா வேலை சீக்கிரம் முடியும். இவ கேக்க மாட்டா. வியாழக்கிழமை மதியம் முழுக்க இந்தக் குழந்தைங்களுக்குத்தான். பால் குடுக்கச் சொல்லி, துணியில சுத்தி, காதை மூடி, தூங்குற வரைக்கும் காத்திருப்பா. யாராவது வாயைத் திறந்தா, உஷ்! "மெஷின் போடுற சத்தத்துல தூங்குது, உங்க ஃபோன் அடிச்சா முழிச்சுக்குது. அணைங்க மொதல்ல!" இயக்குநர் சார் ஃபோனையே புடுங்கி வெச்சிருக்கா.

ஒரு அம்மா அழுதாங்க, "நான்தானே டாக்டர் குழந்தைக்கு இந்த வைரஸைக் குடுத்தேன்?"

"நீ எங்கம்மா குடுத்த? சளி மாதிரி வந்து போயிருக்கு, உனக்கே தெரியாது. மூளையில இந்த வெள்ளைத் திட்டைப் பாத்துட்டோம்ல, இது காது கேக்குறதைக் கெடுக்கலாம், இனி காதை விடாம கவனிப்போம்."

அந்தம்மாவோட பொண்ணுதான் இப்ப காது கேக்குற மெஷின் மாட்டிக்கிட்டு பின்னாடி கத்துறா. கத்தட்டும்.

மேடையில என்ன சொன்னாங்க? பொறுமையின் சிகரமாம்! அந்தப் பொறுமைக்குத்தானே சார் விளக்கம் கேட்டீங்க? ஒரு குழந்தைக்கு ஒரு மணி நேரமான்னு? அறைக்கு அவ பேரு வைக்கிறீங்களாம். அதே அறைக்கதவுல நேத்து என்ன ஒட்டினீங்க? "வியாழன் மதியம் இனி முழங்கால் ஸ்கேன்." குழந்தைங்க எங்க சார் போவாங்க? பேரை மாட்டிட்டு வேலையைத் தூக்கிட்டீங்களே!

பலகை வேண்டாம். வியாழக்கிழமையைத் திருப்பிக் குடுங்க. படத்தைப் படிக்க அவளோட ஜூனியர் டாக்டர் இருக்காங்க. துணி சுத்த எனக்குத் தெரியும். வீட்ல தலையணையை வெச்சு அவதான் சொல்லிக்குடுத்தா. எங்களுக்குக் குழந்தை இல்ல.

அம்மாக்களே, வியாழக்கிழமை குழந்தையைப் பசியோட தூக்கிட்டு வாங்க. இங்க வந்து பால் குடுங்க. கதவுல நான் நிப்பேன்.

பேச ஆரம்பிச்சதுல இருந்து சட்டைப்பையில ஃபோன் அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு. இயக்குநர் சார்தான், மேடையில உக்காந்தே அனுப்புறாரு: "சுருக்கமாக முடிக்கவும்."

இனிமே அனுப்பாதீங்க சார். ஃபோனை அணைச்சிட்டேன்.