கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல்

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் வேங்கடசுப்ரமணியன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சங்கத்துப் பெரியோர்களே, ஆபீஸ் விட்டு நேரே வந்திருக்கும் மாதுங்கா அன்பர்களே, குழந்தை குட்டிகளோடு மழையில் நடந்தே வந்திருக்கும் தாராவித் தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராச்சி அக்கா அவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் அகிலாண்டம். நம் சங்கத்தின் பிரசவ வண்டியில் நான் நர்ஸ். அந்த வண்டியை யுத்த காலம் முழுவதும் ஓட்டியவர், பழுது பார்த்தவர், பெற்ற பிள்ளையைப் போல் குளிப்பாட்டித் துடைத்தவர் மோட்டார் நிபுணர் நம்பிராஜன் அவர்கள். போன மாதம் விஷக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. ஊரில் எத்தனையோ பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மனிதர், தமக்கு முடியாமல் போனபோது வாயைத் திறக்கவில்லை. நினைவு தப்புவதற்கு முன்னால் தம் மனைவி பேராச்சி அக்காவிடம் அவர் கடைசியாகக் கேட்டது, "வண்டிக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" என்பதுதானாம். அக்கா இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா?

யுத்தம் வந்தது, பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. பெரிய பெரிய சேட்டுகளின் கார்களெல்லாம் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு புகை கக்கியபடி போனதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் வண்டிக்கும் அதை மாட்டிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது. நம்பிராஜன் அவர்கள் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "கரி பத்தி, கேஸ் ஏறி, வண்டி கெளம்பறதுக்குள்ள பிள்ள பொறந்துரும்யா. கூப்பனுக்குக் கெடைக்கிற பெட்ரோல் போதும். நான் பாத்துக்கிடுதேன்."

எப்படிப் பார்த்துக்கொண்டார்? வண்டியை நிறுத்துவதற்கு அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. சாவியைத் திருப்பி இஞ்சினை அணைக்க மாட்டார். டாங்கியிலிருந்து பெட்ரோல் வரும் குழாயை மூடிவிட்டு ஓட்டிக்கொண்டே வருவார். வண்டி உடனே நிற்காது. கார்ப்பரேட்டர் என்று இஞ்சினோடு ஒட்டினாற்போல் ஒன்று இருக்கிறது, அதற்குள் ஒரு சின்னக் கிண்ணம். பெட்ரோல் அதில் வந்து தங்கும். இஞ்சின் காற்றை உறிஞ்சும்போது, கிண்ணத்துப் பெட்ரோலும் ஊசித் துளை வழியே தூவானமாகக் கிளம்பிக் காற்றோடு கலந்து உள்ளே போகும். குழாயை மூடினாலும் கிண்ணத்தில் இருக்கும்வரை இஞ்சின் ஓடும். சும்மா விட்டால் அது ஆவியாகப் போய்விடும் என்று தெரு முனையிலேயே குழாயை மூடிவிட்டு, அந்த மிச்சத்திலேயே வண்டியைக் கொட்டகைவரை கொண்டுவந்துவிடுவார். ஒருநாள்கூட நாங்கள் தள்ளியதில்லை.

இதெல்லாம் நர்ஸுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவர் சொல்லாமல் விட்டால்தானே! ஒரு நாள் பின்னால் ஒரு பெண்ணுக்கு நான், "மூச்சை இழு, அடக்கு, முக்கு, விடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். முன்னாலிருந்து குரல் வருகிறது: "நர்ஸம்மா, நீங்க சொல்லுத நாலையுந்தான் என் இஞ்சினும் செய்யுது. காத்தையும் பெட்ரோலையும் இழுக்குது, அமுக்குது, பொறி பட்டதும் முக்குது, பெறகு பொகைய விடுது. நாலையும் ஒழுங்கா செஞ்சா வண்டி ஓடும்." வலியில் துடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள்.

அவர் தவறே செய்யாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அவரே எழுந்துவந்து மறுப்பார். போன ஆண்டு ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் பூசினார். பூசினார் என்பது மரியாதைக்கு, அப்பினார் என்பதே உண்மை. விளக்கு, ஸ்டியரிங், டாங்கி மூடி, எதையும் விடவில்லை. மறுநாள் முருகம்மாளுக்கு வலி எடுத்தது. அதோ பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். பரேல் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். கிங்ஸ் சர்க்கிள் தாண்டியதும் வண்டி இருமியது, நின்றுவிட்டது.

பிளக்கைப் பார்த்தார், பொறி இருந்தது. கிண்ணத்தைத் திறந்தார், காலி. டாங்கியில் பெட்ரோல் இருக்கிறது, ஆனால் இறங்கவில்லை. பிள்ளை குறுக்கே கிடந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் இரண்டு உயிரும் பிழைக்கும். அவர் ஓடிப்போய் டாங்கி மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் எனக்கே கேட்டது. மூடியில் ஒரு பொடி ஓட்டை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் மேற்கொண்டு பெட்ரோல் வரும். அந்த ஓட்டையைச் சந்தனம் அடைத்திருந்தது.

"சாமிக்குன்னு பூசி, இவ மூச்ச அடச்சுட்டனே" என்று நடுரோட்டில் தலையில் அடித்துக்கொண்டார். அந்த வலியிலும் முருகம்மாள் சொன்னாள்: "அண்ணாச்சி, அழுகைய ஆஸ்பத்திரியில வச்சுக்கிடலாம். வண்டிய எடுங்க." எடுத்தார். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. இனி பூஜை வந்தால் அந்த ஓட்டையில் தீக்குச்சியைச் செருகி வைத்துவிட்டுத்தான் சந்தனத்தைத் தொடுவேன் என்று அன்றே சொன்னார். அந்தப் பூஜை வருவதற்குள் அவர் போய்விட்டார்.

இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. விமானத் தளத்தில் வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் அவரிடம் சொன்னாராம், சில விமானங்களில் கார்ப்பரேட்டரே கிடையாது, பம்பு ஒன்று பெட்ரோலை அளந்து ஊசி போடுவதுபோல் சிலிண்டருக்குள்ளேயே பீச்சுகிறது என்று. என்னிடம் வந்து, "நாளைக்குக் காருக்கும் அது வந்துரும் நர்ஸம்மா. ஊசி போடுதது உங்க வேலைல்லா? அப்பம் நீங்கதான் மெக்கானிக்கு" என்றார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதெல்லாம், "காலி வண்டிதானே, நீங்க ஓட்டுங்க" என்று ஸ்டியரிங்கை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

பெரியோர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. வண்டியை விற்றுவிடலாம் என்பது தீர்மானம். ஓட்ட ஆளில்லை, பார்க்க ஆளில்லை, வேறென்ன செய்வது என்று தலைவர் அவர்கள் வருந்திக் கேட்கிறார்கள். அவர்கள் மனம் எனக்குத் தெரியும், குறை சொல்லவில்லை. ஆனால் வண்டி போனால் தாராவிப் பெண்கள் எதில் போவார்கள்? பழையபடி கைவண்டியிலா? நம்பிராஜன் அவர்கள் வருவதற்கு முன் அப்படிப் போன பெண்களில் திரும்பி வராதவர்களை இந்தச் சபையில் எத்தனை குடும்பங்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றன?

அவர் போன பிறகும் சங்கம் ஓடுகிறது என்று இங்கே ஒருவர் ஆறுதல் சொன்னார். ஓடுகிறதுதான். குழாய் மூடிவிட்டது, கிண்ணத்தில் அவர் வைத்துவிட்டுப் போன மிச்சத்தில் ஓடுகிறது. அது தீர்வதற்குள் யாராவது குழாயைத் திறக்க வேண்டாமா?

தாராவி ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஜெயினுலாப்தீன் அண்ணன் வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடித்து வந்து இஞ்சினைப் பார்த்துக்கொடுப்பதாக வாக்களித்திருக்கிறார். ஓட்டுவதற்கு ஆள் கேட்டீர்கள். வாசலில் வண்டி நிற்கிறதே, யார் கொண்டுவந்தது என்று தலைவர் அவர்கள் வந்ததிலிருந்து விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான்தான் ஐயா கொண்டுவந்தேன். லைசென்ஸ் இருக்கிறது. என் கையில் தெம்பு உள்ளவரை இந்த வண்டி ஓடும் என்று இந்தச் சபையில் வாக்குக் கொடுக்கிறேன்.

நான் தனியாகவும் வரவில்லை. கொட்டகைக் கதவைத் திறந்தபோது அங்கே பேராச்சி அக்கா எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார்கள், கையில் குடத்தோடு. நேரே வந்து ரேடியேட்டர் மூடியைத் தாமே திறந்தார்கள்.

அண்ணாச்சி, கேட்டீர்களே, வண்டிக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது.