சேலையின் மறுமுனை

வெடி. சரவெடி. திருவேற்காட்டில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். ஆடி மாதம், மூன்றாம் ஞாயிறு. நண்பகல் தாண்டிவிட்டது. ஒவ்வொரு வெடிக்கும் என் மகள் துள்ளுகிறாள். துள்ளக் கூடாது.

ஆட்டோவின் பின்னிருக்கையில் அவளைப் பாயோடு கிடத்தியிருக்கிறேன். நான் கீழே முழந்தாளிட்டிருக்கிறேன். ஒரு கை அவள் தோளுக்கு அடியில். ஒரு கை இடுப்புக்கு அடியில்.

"பள்ளம்! அண்ணா, பள்ளம்!"

"பாத்துட்டேம்மா. நீ புள்ளைய வுடாத."

ஆட்டோ நடைவேகத்தில் ஊர்கிறது. பின்னால் ஹாரன்கள். ஒரு பைக் உரசிக்கொண்டு வருகிறது.

"இன்னா நைனா, சாமி ஊர்கோலமா? ஓரங்கட்டு!"

"புள்ள படுத்துகினு கீதுய்யா! அவசரம்னா மேல பறந்து போ!"

வானகரம் தாண்டி அம்பத்தூர் சாலை. மருத்துவமனை வரை எத்தனை வேகத்தடை என்று யோசிக்கிறேன். போடும்போது யாரும் முதுகெலும்புகளை யோசிப்பதில்லை.

மித்ராவுக்கு மூன்றரை வயது. அவள் முதுகெலும்புக் கோர்வையில் ஓர் எலும்பு பிறவியிலேயே பாதிதான் உருவானது. அங்கே முதுகு மடங்கி நின்றது. உள்ளே ஓடும் தண்டுவடம் அந்த மடிப்பின் மேல் இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி கிடந்தது. அறுவை சிகிச்சை வரை குலுக்கக் கூடாது, முறுக்கக் கூடாது, அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். உடம்புக்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. தண்டுவடம் நசுங்கினால் கால் போகும். சிறுநீர்க் கட்டுப்பாடு போகும். இதைத் தமிழில்தான் சொன்னார். என் கணவர் செந்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தார். தலையாட்டினார். நன்றாகத் தலையாட்டுவார்.

அவருடைய அக்காவுக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவருக்கு, மருத்துவம் தேவையில்லை. ஆடியில் உடம்பில் கத்தி படக் கூடாது என்றார். தம்பி தலையாட்டினார். அறுவை சிகிச்சை ஆவணிக்குப் போனது. நானும் வாய் திறக்கவில்லை. மூன்று வாரம்தானே, வீண் சண்டை எதற்கு என்று நினைத்தேன். இன்றும் அந்த 'தானே'வை நினைத்தால் நாக்கு கசக்கிறது.

அண்ணியிடம் ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. மித்ராவுக்குக் கைக்குழந்தையில் உரம் விழுந்ததாம். எடுக்காமல் விட்டதால் முதுகு வளைந்ததாம். உரம் என்றால், பச்சைக் குழந்தையைத் தூக்குகிற வாக்கில் விழும் சுளுக்கு என்பார்கள். பழைய சேலையில் குழந்தையைப் போட்டு, இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்து, இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். அதுதான் உரம் எடுப்பது. நான் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"படிச்ச புள்ள சொல்லுது, நாம கேட்டுக்கணும். பச்ச முதுவ டப்பாவுல போட்டு மூடி வெச்சிகீது. காத்தே போவலன்னா எலும்பு எப்டிம்மா நிமிரும்?"

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். செந்திலும்.

அந்த மூன்றாம் ஞாயிறு மித்ராவை உள்ளறையில் தூங்க வைத்தேன். ஜாக்கெட்டின் வெல்க்ரோ ஒட்டுநாடாக்களைச் சரிபார்த்தேன். செந்திலை அருகில் உட்கார வைத்தேன். பிறகு சமையலறைக்குப் போனேன். கூழுக்குச் சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும். நான் வீட்டு மருமகள்.

சத்தம். ஒட்டுநாடா பிய்கிற சத்தம். பர்ர். மறுபடி பர்ர். ஒலிபெருக்கி அலறுகிறது, ஆனாலும் அந்தச் சத்தத்தை நான் அறிவேன். நாடா இறுகியிருக்கும், அவள் அப்பா தளர்த்துகிறார் என்று நினைத்தேன். கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தேன்.

மித்ரா வீறிட்டாள். உள்ளறைக்கு ஓடினேன்.

கைபேசி அரிசி டப்பாவில் சாய்ந்து நிற்கிறது. அதில் உரம் எடுக்கும் வீடியோ ஒன்று ஓடுகிறது. வீடியோவில் இருப்பது பிறந்து சில வாரமே ஆன குழந்தை. தரையில் பாய். பாய்க்கு மேலே, முழ உயரத்தில், சேலை. சேலைக்குள் என் மகள். அண்ணியின் கையில் ஒரு முனை. மறுமுனையில் செந்தில்.

"உருட்டாதீங்க! கீழ வைங்க! மெதுவா கீழ வைங்க!"

அண்ணி நிறுத்தவில்லை. "கத்தாத! நீ கத்துனா புள்ள மெரண்டுடும்."

செந்தில் என்னைப் பார்த்தார். கையை விட்டுவிட்டார். மெதுவாக அல்ல. அவருடைய முனை விழுந்தது. மித்ரா உடம்பு முறுக்கிக்கொண்டு பாயில் விழுந்தாள்.

"அக்காதான் ஒரு வாட்டி பாக்கலாம்னு..."

ஒரு மனிதனின் முழு வாழ்க்கையையும் இந்த ஒரு வாக்கியத்தில் எழுதி முடித்துவிடலாம்.

ஜாக்கெட்டை மாட்ட அவளைப் புரட்ட வேண்டும். துணிவு வரவில்லை. தெருவுக்கு ஓடினேன். நின்ற ஆட்டோவின் ஓட்டுநரைக் கூப்பிட்டேன். அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார்.

"நீ தல பக்கம் புடிம்மா. நான் கால் பக்கம்."

பாயைத் தூக்கினோம். கூடம் நிறைய சொந்தக்காரர்கள். கையில் தட்டு. வழி விட்டார்கள், அதுவரையில் நன்றி. "பைக்ல பின்னாடியே வரேன்" என்றார் செந்தில்.

ஆட்டோவில், அயனம்பாக்கம் அருகில் கேட்கிறேன். "பாப்பா, கால் விரல ஆட்டு."

வலது விரல்கள் ஆடுகின்றன. இடது ஆடவில்லை.

"இந்தக் காலு தூங்குதும்மா."

"எழுப்பு கண்ணு."

"எழுந்துக்க மாட்டேங்குதும்மா." அவள் சிரிக்கிறாள். பாய் நனைகிறது. அவளுக்கு அது தெரியவில்லை.

அன்று மாலையே அறுவை சிகிச்சை. ஆடி மாதத்திலேயே. கத்தி பட்டது. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. செந்தில் சாப்பிட்டுவிட்டு வந்தார். எனக்கு ஒரு தூக்கில் கூழ் கொண்டுவந்தார். அக்கா கொடுத்தனுப்பியதாம்.

உருட்டியதாலா, விழுந்ததாலா என்று மருத்துவரைக் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அண்ணி பிரித்துச் சொல்லிவிட்டார். "இவ கத்தலன்னா அவன் கைய வுட்டிருக்கவே மாட்டான்." சொந்தம் முழுக்க இந்தத் தீர்ப்பு போயிற்று. எவரும் மேல்முறையீடு செய்யவில்லை. கத்தாமல் ஓடிப்போய்ச் சேலையைத் தாங்கிப் பிடித்திருக்கலாமோ என்று நானும் யோசிக்கிறேன். யோசித்துவிட்டு அந்த இரண்டு பேரையும் நினைக்கிறேன். அவர்கள் யோசிக்கவில்லை. யோசனையெல்லாம் என் தலையில்.

இப்போது மித்ரா நடக்கிறாள். இடது பாதம் தரையில் உரசுகிறது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் தாங்கி போட்டிருக்கிறோம். மழலையர் பள்ளியில் கேட்டால், அந்தக் காலுக்குத் தூக்கம் வரும் என்று சொல்கிறாளாம்.

எழுதி வைக்கிறேன். நாளை யாரோ ஒருத்தி வீட்டில் யாரோ ஒருவர் பழைய சேலை தேடுவார்.

போனவை. மித்ராவின் இடது பாதத்தை மேலே தூக்கும் வலு. சிறுநீர் வருவதை அறியும் உணர்வு. அதில் பாதி திரும்பியது, மீதிக்கு உறுதி இல்லை. வெடிச்சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடும் ஒரு குழந்தை. இப்போது கட்டிலுக்கு அடியில் போகிறாள்.

போனவர்கள். அண்ணி, அவர் குடும்பம், அந்தக் கூடத்தில் தட்டோடு நின்ற அத்தனை பேர். வருத்தம் இல்லை.

காணாமல் போனவர் ஒருவர். முன்னறையில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார். மித்ராவைத் தூக்க மட்டும் நான் அவரை விடுவதில்லை.