காக்கை விரட்டும் வேலை

உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்வது எனக்குச் சிறுவயதிலிருந்தே பிடிக்காது. காய்ச்சல் வந்தாலும் எழுந்து துணி மடிப்பேன். ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள் ஐயா, அதனால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே இருக்கும் அரிசி ஆலையில் நான் தொழிலாளர் நல அலுவலர். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது முதலாளி குஞ்சிதபாதம் தன் வயல்களை உறவினர்கள் பெயரிலும், இன்னும் பிறக்காத பேரன் பெயரிலும் எழுதி வைத்துவிட்டு இந்த ஆலையைக் கட்டினார். அவர் வயலில் கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்தவர்களே இங்கே வந்து மூட்டை தூக்கினார்கள். நான் விலங்கியல் பட்டதாரி. "ஜீவராசிங்களைப் பத்திப் படிச்ச பொண்ணு. இவனுங்களையும் பாத்துக்கம்மா" என்றார் முதலாளி.

என் கொள்கை எளியது. அடிபட்டவர் வீட்டில் படுத்தால் முடமாகிவிடுவார். வேலைக்குத் திரும்பினால் தேறிவிடுவார். கை போனவருக்குக் காலால் செய்யும் வேலை, கால் போனவருக்குக் கையால் செய்யும் வேலை. ஒருவரையும் நான் கைவிட்டதில்லை.

சுமை தூக்கும் ஐயாவு மேல் மூட்டை அடுக்கு சரிந்து கால் நசுங்கியது. கட்டுப் போட்ட மறுநாளே ஆலை வண்டியை அனுப்பி அழைத்து வரச் செய்தேன். அவித்த நெல் காயும் களத்தில் நாற்காலி போட்டு, கையில் நீளமான கழி ஒன்றைக் கொடுத்தேன். காக்கை விரட்டும் வேலை.

"காக்கா எனக்குப் பயப்படலீங்க. நான்தான் அதுக்குப் பயந்துகிட்டு உக்காந்திருக்கேன்" என்றார். நெல் கிளறிய பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு தேறுவதற்கான அறிகுறி.

அடுத்த வாரம் அவர் சிரிக்கவில்லை. அவர் மனைவி பொன்னுத்தாய் மாட்டுவண்டியோடு வந்து நின்றாள்.

"கால் நாறுதும்மா. தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிடுறேன்."

"அங்க போனா காலை எடுத்துருவாங்க. அப்புறம் ஆயுசுக்கும் முடம்தான்."

"இருந்துட்டுப் போவட்டும்மா. நான் நாத்து நட்டு சோறு போட்டுக்குறேன். ஆளைக் குடுங்க."

அடிபட்ட அத்தனை பேரும் வேலைக்குத் திரும்பிய ஆலை என்று எங்களுக்கு விருது கொடுக்க அமைச்சர் வரவிருந்தார். ஒரு நாற்காலி காலியாக இருந்தால் விருது பட்டுக்கோட்டை ஆலைக்குப் போய்விடும். வேலையை விட்டுப் போகிறவர் ஆலை கொடுத்த வீட்டையும் விட வேண்டும் என்று பொன்னுத்தாயிடம் சொன்னேன். மிரட்டவில்லை, ஐயா. விதியைத்தான் சொன்னேன். வண்டி வெறுமனே திரும்பிப் போனது.

பிறகு கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். பாதம் கறுத்திருந்தது. கறுப்பு முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு என்ன பொருள் என்று படித்தவளுக்குத் தெரியும். மேலே ஒரு சாக்கைப் போர்த்திவிட்டேன்.

அமைச்சர் வந்த அன்று காலையில், ஐயாவுவைக் கொண்டுவந்து உட்கார வைத்துச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. நான் களத்துக்குப் போனபோது அவர் மடியில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. கழி கீழே கிடந்தது. நாடி பார்த்தேன், இல்லை. கண்களை மூடிவிட்டு, கழியை விரல்களுக்குள் திரும்பச் செருகினேன். பொன்னுத்தாயை வாசலிலேயே நிறுத்தச் சொன்னேன்.

அமைச்சர் உழைப்பின் பெருமையைப் பற்றி அடுக்குமொழியில் வெகுநேரம் பேசினார். பிறகு களத்துக்கு இறங்கி வந்து ஐயாவுவுக்குப் பொன்னாடை போர்த்தினார். பதிலுக்குக் கை கூப்பாததைப் பார்த்து, "உழைச்சு அசந்து தூங்குறாரு. எழுப்பாதீங்க" என்று மெல்லச் சொன்னார். எல்லோரும் ஓசைப்படாமல் கைதட்டினார்கள்.

ஆமாம், ஐயா. அந்த வண்டியில் போயிருந்தால் ஒரு கால் போயிருக்கும், ஆள் பிழைத்திருப்பார். அது எனக்கு அன்றைக்கே தெரியும். அவரைக் கொன்றது நான்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முடமாக்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவரை இரண்டு காலோடுதான் வீட்டுக்கு அனுப்பி வைத்தேன்.