வாயை மூடச் சொன்ன வைத்தியம்

வெளிய போய் உக்காருங்கன்னு சொல்லிட்டாங்கம்மா. என்னைய. அதுவும் எப்படி... ரொம்ப மரியாதையா, தோள்ல கை வெச்சு, "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருந்தா அவருக்கு சௌகரியமா இருக்கும்"னு. யாருக்கு சௌகரியம்? அவருக்கா, அவங்களுக்கா? கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து அவரோட இருக்கறவ நான். அவருக்கு எது சௌகரியம்னு நேத்து வந்த, பேச்சுப் பயிற்சி குடுக்கற கட்டைமுடிப் பொண்ணு எனக்குச் சொல்லுது. இங்க உக்காந்துக்கட்டுமா? பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வெச்சுக்கோ. ஆங், போதும்.

நீ யாரோட வந்திருக்கே? அப்பாவா? ரத்தமா, மூளையா? ...ரெண்டும்னா சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கே. ரத்தக்காரங்க கீழ் மாடி, மூளைக்காரங்க இந்த மாடி. எல்லாம் ஒரே ஆராய்ச்சிதானாம். ஆனா இவங்க அவங்களோட பேசி நான் பாத்ததில்ல. கீழ நடந்ததை மேல வந்து சொல்றதும், மேல நடந்ததைக் கீழ போய் சொல்றதும் யாருன்னு நெனைக்கறே? அதுக்கெல்லாம் என் வாய் வேணும். இதுக்கு மட்டும் வேண்டாமாம்.

அப்பாவை இந்த ஆராய்ச்சில சேத்துவிடலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கே, அதானே? மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. நான் முழுசா சொல்றேன், அப்புறம் நீயே முடிவு பண்ணிக்கோ.

எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். உசரமான கட்டடத்துல லிஃப்ட் பாதியில நின்னுச்சுன்னா இவரைத்தான் கூப்பிடுவாங்க. நாள் பூரா இருட்டுக் குழிக்குள்ள கம்பியோடயும் கிரீஸோடயும் கெடந்துட்டு வர்ற மனுஷன் வீட்டுல வந்து என்ன பேசிடப் போறாரு? "ம்"பாரு. அவ்வளவுதான். அந்த "ம்"ல சரின்னு ஒண்ணு இருக்கு, மாட்டேன்னு ஒண்ணு இருக்கு, காது கேக்கலைன்னு ஒண்ணு இருக்கு. பிரிச்சுப் பாக்க எனக்கு மட்டும்தான் தெரியும். மிச்சப் பேச்சையெல்லாம் நான்தான் பேசுவேன். வீடுன்னு இருந்தா யாராவது பேசணும்ல?

மூஞ்சி மட்டும் செவசெவன்னு இருக்கும். காது, உள்ளங்கை எல்லாம் அப்படியே ரத்தம் கட்டுன மாதிரி. பாக்கறவங்கல்லாம், "என்னத்தைப் போட்டு வளக்கறே உன் புருஷனை"ம்பாங்க. நானும் என் கைப்பக்குவம்தான்னு பெருமையா சிரிச்சுக்குவேன். குளிச்சுட்டு வந்தா உடம்பு பூரா சொறிஞ்சுக்குவாரு. சோப்பை மாத்துனேன். துண்டை மாத்துனேன். மொட்டை மாடித் தொட்டியைக் கழுவறதுக்கு ஆளைக் கூட்டிட்டு வந்து மத்த வீட்டுக்காரங்களோட சண்டையும் போட்டேன். கடைசில பாத்தா சோப்பும் இல்ல, தொட்டியும் இல்ல. எலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜையில கோளாறு. அங்கதான் ரத்த அணுவெல்லாம் உற்பத்தியாகுதாம். போதும்னா நிறுத்திக்கணும். இவருக்கு அந்த நிறுத்தற சமாச்சாரம் பழுதாகி, கேக்க ஆளில்லாம செவப்பணுவா செஞ்சு தள்ளியிருக்கு. ரத்தம் பாகு மாதிரி ஆயிடுச்சு. நான் சமையல்னு நெனைச்சுப் பெருமைப்பட்டது பூரா நோவு.

இதெல்லாம் பின்னாடி தெரிஞ்சது. அதுக்கு முன்னாடியே ரத்தம் கட்டி, ஒரு கட்டி நேரா மூளைக்குப் போயிடுச்சு. பேச்சு இருக்கற எடமாப் பாத்துப் போய் அடைச்சிருக்கு.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. காலைல வந்து சமையல்கட்டு நாற்காலில உக்காந்தாரு. மேல் வீட்டுக் குழாய் ஒழுகி எங்க செவுரெல்லாம் ஈரம் ஏறிக் கெடந்துச்சு. அதைப் பத்தி அவங்ககிட்ட நான் என்ன சொன்னேன், அவங்க என்ன சொன்னாங்க, நான் திருப்பி என்ன சொன்னேன்னு சொல்லிக்கிட்டே வேலை பாத்தேன். இவரு பேசாம இருந்தாரு. "ம்" கூட இல்ல. இன்னிக்கு நல்லாக் கவனிச்சுக் கேக்கறாரேன்னு நெனைச்சேன். மத்தியானம் சாப்பிட உக்காந்தா கை தட்டுக்குப் போகாம தரைக்குப் போகுது. வாய் ஒரு பக்கமா இழுத்திருக்கு.

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டர். "கடைசியா எப்பம்மா பேசுனாரு"ன்னு கேக்கறாரு. எனக்கு எப்படித் தெரியும்? நேத்து பேசுனாரா, முந்தாநேத்தா? எங்க வீட்டுல யாரு அதையெல்லாம் கவனிக்கறது? கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்காம். எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியாம போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சுடுமாம். அதனால போடல. "காலைலேர்ந்து பேசலைங்கறதை நீங்க கவனிக்கலையா"ன்னு கேட்டாரு பாரு... சரி விடு. அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்காது.

ரத்தக்காரங்க வைத்தியத்தைக் கேளு. இருக்கற ரத்தத்தை எடுத்துக் கொட்டறது. பை பையா எடுக்கறாங்க. "இல்லாதவங்களுக்குக் குடுக்கலாமே"ன்னேன். நோவு ரத்தத்தைக் குடுக்கக் கூடாதாம். அதுல கொஞ்சத்தை மட்டும் கண்ணாடித் தட்டுல ஊத்தி வெச்சு, பிள்ளை வளக்கற மாதிரி வளக்கறாங்க. இந்த அணுவுக்கும் மூளை தேறி வர்றதுக்கும் என்ன சம்பந்தம்னு பாக்கறாங்களாம். இருக்கான்னு கேட்டா, "அதைத்தாம்மா தேடறோம்"னு சொல்றாங்க. தெரியாததைத் தெரியாதுன்னு இவ்வளவு சந்தோஷமா சொல்ற ஜனங்களை நான் எங்கயும் பாத்ததில்ல.

இந்த மாடில வேற கூத்து. மூளையில ஒரு எடம் செத்துட்டா பக்கத்து எடம், எதிர்ப்பக்கம்னு எதாவது ஒண்ணு அந்த வேலையை எடுத்துக்குமாம். பழக்கணுமாம். எனக்குப் புரியல. இவருக்கு ஒடனே புரிஞ்சுது. ஒரு லிஃப்ட் நின்னா இன்னொண்ணுன்னு கையாலயே காட்டுனாரு. கட்டைமுடிக்கு ஒரே குஷி.

சரின்னு படத்தைக் காட்டிப் பழக்க ஆரம்பிச்சாங்க. டம்ளரைக் காட்டி இது என்னன்னா, "சனியன்"னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. இவரு வாயில ஒரு நாளும் அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லம்மா. பூனையைக் காட்டுனா "சனியன்". குடையைக் காட்டுனா "சனியன்". வெளிய நின்னு கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டிருந்த நான் கதவைத் தொறந்துக்கிட்டு உள்ள போனேன். என்னையப் பாத்தும் அதேதான், அதுவும் சிரிச்சுக்கிட்டே. அந்தப் பொண்ணு வேகவேகமா எழுதிக்குது. திட்டற வார்த்தையெல்லாம் மூளையில வேற எடத்துலேர்ந்து வருமாம், அதனால தப்பிச்சிருக்காம், நல்ல அறிகுறியாம். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். வார்த்தை தப்பிச்சது சரி. இத்தனை வருஷம் அது அங்க யாருக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு?

அப்புறம் பாட்டு. பேச வராதவங்களுக்கும் ராகமா இழுத்தா வருதாம். எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு. இவருக்கு வந்துச்சு. எடது கையால தொடையில தட்டிக்கிட்டே, "தண்... ணீ... வே... ணும்"னு. குரலைக் கேட்டா கிரீஸ் போடாத சக்கரம் மாதிரி இருக்கும். காபி வேணும்னாலும் பாட்டு, ஃபேனைப் போடுன்னாலும் பாட்டு. மேல் வீட்டுக்காரி எறங்கி வந்து, வீட்டுல எதாவது விசேஷமான்னு கேட்டுட்டுப் போறா. குழாயை மட்டும் இன்னும் சரி பண்ணல.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் வந்துச்சு பாரு எனக்கு வைத்தியம், அந்தக் கட்டைமுடிகிட்டேர்ந்து. "அம்மா, அவர் வார்த்தையைத் தேடறதுக்குள்ள நீங்க எடுத்துக் குடுத்துடறீங்க. தேடுனாத்தான் மூளை பழகும். தெனமும் ஒரு மணி நேரம் நீங்க பேசாம இருங்க." நோவு அவருக்கு, பத்தியம் எனக்கு.

மொத நாள் அலமாரியையெல்லாம் ஒழிச்சுத் தொடச்சேன். இவரு நாற்காலியை ஆட்டி ஆட்டிக் காட்டறாரு, கால் ஆடுதாம். "தி... தி..."ங்கறாரு. திருப்புளி. எனக்குத் தெரியுது, தொண்டை வரைக்கும் வந்து நிக்குது. அவருக்கு நெத்தியெல்லாம் வேர்க்குது. என்னைப் பாக்கறாரு, குடுத்துடேன்ங்கற மாதிரி. பாக்க முடியலம்மா. குளியலறைக்குள்ள ஓடிப் போய், குழாயைத் தொறந்துவிட்டு, "திருப்புளி, திருப்புளி, திருப்புளி"ன்னு சொல்லிட்டுத்தான் வெளிய வந்தேன். வந்து பாத்தா அவரே போய் எடுத்துக்கிட்டு வந்து முடுக்கிட்டு இருக்காரு. வார்த்தை வரல. திருப்புளி வந்துடுச்சு. பொண்ணுகிட்ட சொன்னா, அது கணக்கில்லையாம்.

கணக்குல வந்தது எதுன்னு கேளு. என் தம்பி வந்திருந்தான். நான் பேசக் கூடாத நேரமாப் பாத்து வந்தான். பேச்சுல எனக்கு அண்ணன் மாதிரி அவன். "மாமா, இவங்க உங்களை வெச்சு எலிக்குப் பண்ற மாதிரி பண்றாங்க. ரத்தத்தை உறிஞ்சிட்டு விட்டுடுவாங்க. நாளைலேர்ந்து போகாதீங்க, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் எண்ணெய் தர்றாரு"ன்னு நிறுத்தாம பேசறான். நான் ஒதட்டைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இவருக்கு மூஞ்சி செவந்துக்கிட்டே வருது. இப்ப அது செவக்கவே கூடாது, அவ்வளவு ரத்தம் எடுத்திருக்கு. எடது கை தொடையில தட்ட ஆரம்பிச்சுது. பாடுனாரு. "நீ... வா... யை... மூ... டு."

முழுசா ஒரு வாக்கியம். வினைச்சொல்லெல்லாம் வெச்சு. என் தம்பி செருப்பைப் போட்டுக்கிட்டுப் போனவன்தான், இன்னி வரைக்கும் ஒரு ஃபோன் இல்ல. இங்க வந்து சொன்னா கை தட்டறாங்க. கீழ் மாடிலேர்ந்து ரத்தக்காரங்ககூட ஏறி வந்து கை குடுத்தாங்க. ரெண்டு மாடியும் ஒண்ணாச் சேந்து பேசிக்கிட்டதை நான் அன்னிக்குத்தான் பாத்தேன். என் கூடப் பொறந்தவனைத் துரத்துனதுக்கு.

வருத்தம்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லிடாதே. அவன் போனதும் கதவைச் சாத்திக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். அவர் சிரிப்புச் சத்தத்தை நான் கேட்டே பல வருஷம் ஆச்சு.

இன்னிக்கு எதுக்கு வெளிய அனுப்புனாங்கன்னுதானே கேக்கறே? இன்னிக்கு வேற மாதிரி பரீட்சை. படம் கெடையாது. அந்தப் பொண்ணு கேக்குது, "உங்களுக்கு முடியாமப் போன அன்னிக்கு என்ன நடந்துச்சு, நீங்களே சொல்லுங்க"ன்னு. இவரு வாயைத் தொறந்தாரு. நான் ஒடனே, "காலைல எழுந்து நாற்காலில உக்காந்தாரு"ன்னு ஆரம்பிச்சுட்டேன். பழக்கம்தான்.

பழக்கம் மட்டும் இல்ல. பயம். அன்னிக்கு அந்த நாற்காலில உக்காந்துக்கிட்டு என்னைக் கூப்பிட்டுப் பாத்தாரோ என்னவோ. நான் பாட்டுக்குக் குழாயைப் பத்திப் பேசிக்கிட்டு... திரும்பிக்கூடப் பாக்கலையே. ஊசி போட்டிருந்தா இந்தப் பாட்டெல்லாம் வேண்டியிருந்திருக்காது. அந்த டாக்டருக்கு அப்புறம் யாரும் என்னைக் கேக்கல. அவரால கேக்க முடியல. இப்ப முடியுது. உள்ள உக்காந்து அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்காரு.

இரு, கதவு தொறக்குது. வந்துட்டாரு. ஏங்க, பாத்து, தடுக்கப் போகுது. முடிஞ்சுதா? என்ன சொன்னீங்க? அன்னிக்கு நான் குழாயைப் பத்தி... சரி சரி. நான் சொல்லல. நீங்களே சொல்லுங்க.

...

"கூ... கூப்பி..." ம்.

...நீ எடுத்துக் குடுக்காதேம்மா, அவர் சொல்லட்டும்.

கூப்பிடலையா? நீங்க என்னையக் கூப்பிடவே இல்லையா? "கை... மரத்துச்சு." ம். "மறைச்சேன்." என்னது? எதுக்கு? ...இல்ல இல்ல, நான் எடுத்துக் குடுக்கல. மெதுவா.

"நீ... பயப்... படுவே."

...

தட்டாம சொல்றாரும்மா. பாட்டு இல்லாம.

இவ்வளவு நாளா நான்... மறைச்சீங்களா? உங்களை... இல்ல, அழல. கோவந்தான். வாய்க்கு ஒண்ணும் வரல எனக்கு.

கொஞ்சம் நகந்து உக்காரும்மா. அவரும் உக்காரட்டும்.